நாற்பத்திரண்டு முறை அளந்த ஈறு

பல் மருத்துவம் பழகும் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். இம்பிளாண்டைச் சுற்றி ஈறு ஆறிக்கொண்டிருக்கும்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்பதே கேள்வி. மூவருக்கும் பிறகு சொல்கிறேன் என்றேன். ஓர் எண்ணைச் சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்ற கவலைதான். எண்ணை நம்பிக் கெட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே எண்ணுக்குப் பதிலாக ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் இம்பிளாண்ட் வைப்பவர்கள் அப்போது மிகச் சிலர். என் கிளினிக் குயின் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படிகள். அதுவரை நான் பதினோரு இம்பிளாண்டுகள் வைத்திருந்தேன். பதினொன்றும் அசையாமல் நின்றன. பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் கனகசபையின் வாயில்.

கனகசபை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வயது ஐம்பத்தொன்று. சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்வார். வக்கீல் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வார். கீழ்வரிசையில் ஒரு பல்கூட இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாடை எலும்பு தேய்ந்து கீழே இறங்கிவிட்டதால் பல்செட் உட்கார இடமில்லை. நாக்கைத் தூக்கினால் செட்டும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும்.

முதல் நாள் என்னிடம் அவர் சொன்ன காரணம் இது. ஒரு வழக்கில் சாட்சி, "பதினஞ்சு அடி தூரத்துல நின்னேன்" என்றான். இவர் ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன் என்றார். செட் எழும்பியதில் கடைசி எழுத்து விழுங்கப்பட்டது. நீதிபதி ஐம்பது என்று எழுதிக்கொண்டார். வக்கீல் எழுந்து திருத்தினார். அடுத்த மாதம் இன்னொரு வழக்கில் அதேபோல இன்னொரு எண். அதற்குப் பிறகு அலுவலகத்தில் கூப்பிட்டு, அடுத்த பெரிய வழக்கு தொடங்குவதற்குள் பேச்சு தெளிவாக வேண்டும், இல்லையென்றால் கோப்பு அறைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கோப்பு அறையில யாரும் பேச மாட்டாங்க, டாக்டர்," என்றார். "இருபத்தாறு வருஷம் பேசியே வேலை செஞ்சவன் நான்."

தாடையின் முன்பக்கத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இம்பிளாண்டுத் திருகுகளை எலும்பில் இறக்கி, ஈறை மூடித் தைத்தேன். நான்கு மாதம் எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளக் காத்திருப்பது அன்றைய முறை. அதன் பிறகு ஈறைத் திறந்து, இம்பிளாண்டின் தலையில் ஒரு சிறிய உலோகத் தண்டைத் திருகி வைப்போம். அந்தத் தண்டு ஈறின் வழியே வெளியே எட்டிப் பார்க்கும். பிற்பாடு பல்செட் அதில்தான் பூட்டிக்கொள்ளும். நன்றாகப் பொருந்திய சட்டைக் காலர் கழுத்தைப் பிடிப்பதுபோல ஈறு அந்தத் தண்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கிருமிக்கு வழியில்லை. பிடிக்காவிட்டால் வாயில் உள்ளதெல்லாம் எலும்பு வரைக்கும் இறங்கும்.

என் முதல் தவறு திறந்த அன்றே நடந்தது. ஈறைத் திறக்க இரண்டு வழிகள் இருந்தன. பஞ்ச் என்ற கருவியால் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடலாம். தையல் வேண்டாம், மூன்று நிமிட வேலை. அல்லது கத்தியால் கீறி, ஈறை இரு பக்கமும் ஒதுக்கித் தைக்கலாம். இருபது நிமிடம் ஆகும். இடது பக்கத்தில் பஞ்ச் கருவியை வைத்து அழுத்தினேன். துண்டு வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். கனகசபைக்கு எலும்போடு ஒட்டிய கெட்டி ஈறு அந்த இடத்தில் நாடா அகலம்தான் இருந்தது. அது முழுவதும் கருவிக்குள் வந்துவிட்டது. தண்டைச் சுற்றி இப்போது இருந்தது உதட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய சதை மட்டும். வலது பக்கத்தில் அந்தக் கருவியைத் தொடவில்லை. கெட்டி ஈறின் நடுவில் கீறி, பாதியை உதட்டுப் பக்கமும் பாதியை நாக்குப் பக்கமும் தள்ளி, நான்கு தையல் போட்டேன்.

ஒரே வாயில் இரண்டு முறைகள். வலது பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இடது பக்கம் அன்றிலிருந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். நோயாளியின் அட்டையில் எழுதாதது நடக்கவே இல்லை என்பது அவர் சட்டம். அதை நான் தேவைக்கு மேல் கடைப்பிடித்தேன். கனகசபையைச் செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொன்னேன். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை, நாம் புரோப் என்பதை, தண்டுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பேன். தண்டைச் சுற்றி ஆறு இடங்கள். நான் எண்ணைச் சொல்ல, லெட்சுமி அட்டையில் எழுதுவார்.

லெட்சுமி என் கிளினிக்கின் மிஸ்ஸி, உதவிக்கு நிற்கும் நர்ஸ். ஏறக்குறைய என் வயதுதான். கடலுக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் ஏறி, பெர்ரி பிடித்து, எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்திருப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக என்னோடு இருந்ததால் அவருக்கு என்னிடம் பயம் கிடையாது.

இடது பக்கத்தின் ஆழம் முதல் வாரம் இரண்டு. அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்து நான்கு. நான்காவது வாரம் லெட்சுமி எழுதுகோலை எடுக்காமல் நின்றார்.

"டாக்டர், இவரோட எடது பக்கத்த இன்னிக்கும் அளக்கணுமா?"

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரருக்கு மோட்டோ சைக்கிள் பொகப் பைப்பு கால்ல சுட்டுருச்சு. காஞ்சிருச்சா காஞ்சிருச்சான்னு தெனம் பொருக்கப் பிச்சுப் பாப்பாரு. ஒரு வாரத்துல ஆற வேண்டியது, ரெண்டு மாசம் நொண்டுனாரு."

"இது கால் இல்ல, லெட்சுமி. நம்பர எழுதுங்க."

"எழுதுறேன் லா. அதுக்குத்தானே சம்பளம்."

அன்று ஐந்து. கம்பியை எடுத்ததும் ரத்தம் கசிந்தது. அதையும் எழுதச் சொன்னேன். ரத்தம் என்பது நோயின் அடையாளம் என்று படித்தவன் நான். கனகசபையிடம், "வலிக்கிறதா?" என்று கேட்டேன். "வலி இல்லை," என்றார். ஒவ்வொரு செவ்வாயும் இதே கேள்வி, இதே பதில்.

ஐந்தாவது வாரம் சீனப் பெருநாள். கிளினிக் பூட்டியிருந்தது. லெட்சுமி அட்டையில் அந்த வரிசையில் ஒரு கோடு போட்டார். ஆறாவது வாரம் அளந்தபோது நான்கு. என் கை சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து, ஏழாவது வாரம் சற்று அழுத்தினேன். ஐந்து. எட்டாவது வாரம் ஆறு.

ஆறு என்றதும் முடிவு செய்துவிட்டேன். இடது இம்பிளாண்ட் தோற்றுக்கொண்டிருக்கிறது. எலும்பை மேலும் தின்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அந்த இடம் ஆறி, மறுபடி வைத்து, மறுபடி காத்திருந்து, எப்படியும் பத்து மாதம். கனகசபையின் வழக்குக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. அவரிடம் சொன்னேன். "அப்படின்னா கோப்பு அறை," என்றார். அடுத்த செவ்வாய்க்கு நாள் குறித்தோம்.

அந்தச் செவ்வாய் அவர் நீதிமன்றத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டையிலேயே வந்தார். லெட்சுமி கருவிகளை அடுக்கிவிட்டார். மரத்துப்போகும் ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தேன். எடுப்பதற்கு முன் காரணத்தை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதால் அட்டையை எடுத்து எண்களை வாசித்தேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து, ஆறு. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சி பேசும்போதும் அப்படித்தான் கேட்பாராம்.

"ஒண்ணு கேக்கலாமா, டாக்டர்? அஞ்சுக்கு அப்புறம் நாலுன்னு படிச்சீங்க. அந்த நாலு எப்படி வந்துச்சு?"

"என் கை தவறியிருக்கும். சரியா அழுத்தியிருக்க மாட்டேன்."

"அதுக்கு முந்தின வாரம் நான் வரல. சீனப் பெருநாள். கிளினிக் பூட்டு."

"ஆமாம்."

"அந்த வாரம் ரத்தம் வரல."

"எந்த ரத்தம்?"

சட்டைப் பையிலிருந்து சிறிய டைரியை எடுத்தார். எல்லாவற்றையும் குறித்து வைப்பது அவர் தொழிலின் பழக்கம். எனக்குத் தெரியாமல் அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஏழு செவ்வாய், ஏழு புதன் என்று பதினான்கு நாட்களுக்கு எதிரே ரத்தம் என்று எழுதியிருந்தது. மற்ற நாட்களில் எதுவும் இல்லை. ரத்தம் வந்ததால் அந்த நாட்களில் அந்த இடத்தில் பிரஷ் வைக்கவில்லை என்றும் குறித்திருந்தார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல, மிஸ்டர் கனகசபை?"

"நீங்க கேக்கல. வலிக்குதான்னு கேட்டீங்க. வலி இல்ல, இல்லன்னு சொன்னேன். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது எங்க வேலையில பெரிய தப்பு. உடனே வக்கீல் எழுந்துருவாரு."

தட்டுக்குப் பின்னாலிருந்து லெட்சுமி, "நாலாவது வாரமே நான் சொன்னேன்," என்றார். "சாட்சி நானும் இருக்கேன். யாரும் கூப்புடல."

நான் உட்கார்ந்தேன். என் அட்டையில் வலியைக் கேட்க இடம் இருந்தது. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க இடம் இல்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர். நான் அட்டையில் இடமிருப்பதை மட்டும் கேட்பவன். எட்டு வாரம் இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம்.

அட்டையில் வலது பக்கத்தைப் பார்த்தேன். கவலை இல்லாத பக்கம் என்பதால் மூன்று நாட்கள்தான் அளந்திருந்தேன், பதினெட்டு முறை. இடது பக்கம் ஏழு நாட்கள், நாற்பத்திரண்டு முறை. வலது பக்கம் எல்லா நாளும் மூன்று. ஆனால் அங்கே கெட்டி ஈறும் இருந்தது. அதனால் அதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தண்டு வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரேயையும், போன வாரம் எடுத்ததையும் விளக்கின் முன் பிடித்தேன். எலும்புக்கு மேலே திருகின் ஒரு மரைதான் தெரிந்தது. இரண்டு படத்திலும் ஒன்றுதான். ஆறு மில்லிமீட்டர் என்று கம்பி சொன்னது. எலும்பு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஆறத் தொடங்கும் ஈறு தண்டின் மீது ஒட்டும். நான் கம்பியை விட்டு அந்த ஒட்டுதலைப் பிரித்தேன். சில நாட்களில் அது மீண்டும் ஒட்டியது. அடுத்த செவ்வாய் மீண்டும் பிரித்தேன். ஆழம் கூடியது என்று பயந்து இன்னும் அழுத்தினேன். இது ஒரு விளக்கம். நோயே உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, எக்ஸ்ரேயில் இன்னும் தெரியவில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டில் எது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது. ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கையில் கருவி இருக்கும்போது, நோயாளி வாயைத் திறக்கத் தயாராக இருக்கும்போது, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தேடுவோம். செய்வதற்குக் காரணம் தேடுவதில்லை. அன்று நான் அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். எடுப்பதற்கு என்னிடம் என்ன சான்று இருக்கிறது? என் கம்பி சொன்ன எண்கள். அந்த எண்களை உண்டாக்கியதே கம்பியாக இருக்கலாம் என்றால், சான்று எதுவும் இல்லை.

அவரிடம் அப்படியே சொன்னேன். "நானே கெடுத்திருக்கலாம். உறுதியா தெரியல. மூணு வாரம் யாரும் தொடாம விட்டா தெரிஞ்சுரும். ஆனா உண்மையிலேயே நோயா இருந்தா, அந்த மூணு வாரத்துல எலும்பு போகும். பிறகு வைக்கிறது இன்னும் கஷ்டம்."

"இப்ப எடுத்தா?"

"நீங்க கோப்பு அறைக்குப் போறது உறுதி."

"வழக்குக்கு அஞ்சு வாரம் இருக்கு. மூணு வாரம் பொறுத்து, சரியா இருந்தா, பல்லு பூட்ட எவ்வளவு நாள்?"

"பத்து நாள்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "நாலு நாள் மிச்சம் இருக்கு," என்றார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஊசி மருந்தைக் கொட்டினேன். லெட்சுமி புரோப் தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டார்.

"மத்த நோயாளிக்கு என்ன செய்யறது?" என்றேன்.

"மத்தவங்களுக்கு ஸ்டோர்ல ரெண்டு இருக்கு, நான் எடுத்துத் தரேன். செவ்வாக்கெழம மட்டும் சாவி சுங்கை பாக்காப்புல இருக்கும்."

அடுத்த செவ்வாய் கழுவியதும் மருந்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் லெட்சுமிதான். வீட்டில் மெல்லிய பிரஷால் எப்படித் துலக்குவது என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். விளக்கைப் பிடித்துப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. முதல் வாரம் ஈறு சிவப்பாகவே இருந்தது. கருவியை எடுத்துவிடக் கூடாதென்று இரண்டு முறை கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நோய்தான் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. அந்த இருபத்திரண்டு படிகளை இறங்கும்போது இருபத்து மூன்று என்று எண்ணி, திரும்ப ஏறி எண்ணினேன். இரண்டாவது வாரம் சிவப்பு தண்டின் ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. மூன்றாவது வாரம் வெளிர் ரோஜா நிறம். ஈரப்பளபளப்பு போயிருந்தது. வெளியிலிருந்து விரலால் மெல்ல அழுத்தினேன். ரத்தமும் வரவில்லை, சீழும் வரவில்லை. ஓரம் தண்டோடு படிந்திருந்தது.

"இப்ப ஆழம் எவ்வளவு, டாக்டர்?" என்றார் கனகசபை.

"தெரியாது," என்றேன்.

அட்டையில் அந்த மூன்று வாரங்களுக்கு எதிரே லெட்சுமி, எண்ணுக்கு உரிய இடத்தில், தொடவில்லை, தொடவில்லை, தொடவில்லை என்று எழுதியிருந்தார்.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்ச் கருவியால் நான் வெட்டி எறிந்த கெட்டி ஈறு திரும்ப வரவில்லை. இடது பக்கத்தைத் துலக்கும்போது அவருக்குக் கடைசி வரை கூசியது. அந்த ஓரம் வலது பக்கத்தைப்போல ஒருநாளும் இறுகவில்லை. திறப்பதற்கு முன் கெட்டி ஈறு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று ஒரே ஒரு முறை அளந்திருந்தால் அந்தக் கருவியை எடுத்திருக்க மாட்டேன். அளக்க வேண்டியதை ஒருமுறைகூட அளக்கவில்லை. விட்டுவிட வேண்டியதை நாற்பத்திரண்டு முறை அளந்தேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: வெட்டுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள், ஆறும்போது பாருங்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஆறி முடிந்த பிறகு, பிளாஸ்டிக் கம்பியால், அழுத்தாமல், எப்போதாவது அளந்தால் போதும்.

பல்செட்டைத் தண்டுகளில் பூட்டிய நாள் வழக்குக்கு நான்கு நாள் முன்னால். அழுத்தியதும் சட்டையின் அழுத்துப் பொத்தான்போல இரண்டு பக்கமும் டக்கென்று விழுந்தது. கனகசபை நாக்கைத் தூக்கினார். செட் வரவில்லை. தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"பேசிப் பாருங்க," என்றேன்.

"என்ன பேசறது?"

லெட்சுமி அட்டையையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தி, அங்கிருந்தே சொன்னார். "சார், கோர்ட்டுல சொல்ற மாதிரி நம்பர் சொல்லுங்க. பத்து நம்பர். சத்தமா வேணாம். எனக்குக் கேட்டதத்தான் எழுதுவேன்."

கனகசபை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கால் மீது வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். பதினைந்து. ஐம்பது. பதின்மூன்று. முப்பது. ஐம்பது. பதினைந்து. அறுபது. பதினாறு. பதினைந்து. பதினைந்து. இடையில் ஒருமுறைகூட வாயில் கை வைக்கவில்லை. கதவு திறந்தது. லெட்சுமி அட்டையை அவரிடம் நீட்டினார், என்னிடம் இல்லை. அவர் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்து, திரும்பத் தந்தார்.

பத்தும் சரியாக இருந்தன. ஓய்வு பெறும் நாள் வரை அவர் நீதிமன்றத்தில் நின்று பேசினார். அந்த ஆண்டு அட்டையில் அதற்குப் பிறகு வேறு எண் இல்லை.